லாபம் என்று வந்த வலை: கிரிப்டோ முதலீட்டு மோசடியும் நம் கடமையும்



சென்ற ரமலான் முடிந்த சில நாட்களில் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கணவர் வளைகுடாவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். மகளின் நிக்காஹுக்கென்று சேர்த்த நகையை அடகு வைத்து, கணவர் அனுப்பிய பணத்தையும் சேர்த்து, ஆறு லட்சம் ரூபாயை ஒரு கிரிப்டோ செயலியில் போட்டிருந்தார். எட்டு மாதத்தில் இரட்டிப்பாகும் என்று சொல்லியிருந்தார்கள். நான்காம் மாதம் செயலி திறக்கவில்லை.

அவர் நம்மிடம் பண உதவி கேட்கவில்லை. "இதை அவரிடம் எப்படிச் சொல்வது?" என்றுதான் கேட்டார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சேர்த்துவிட்டது சொந்தத் தங்கையின் கணவர். அவரும் நான்கு லட்சத்தை இழந்திருந்தார். புகார் கொடுத்தால் தங்கை குடும்பம் என்ன ஆகும் என்ற கவலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தங்கை கணவர் இந்தத் திட்டத்தை முதன்முதலில் ஊராருக்கு விளக்கிப் பேசியது நம் அறக்கட்டளைக் கூடத்தில்தான். "சுயதொழில் ஆலோசனைக் கூட்டம்" என்று இடம் கேட்டார். தெரிந்த பிள்ளை என்று கொடுத்தோம். தேநீரும் கொடுத்து அனுப்பினோம். என்ன பேசப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதனால் இந்தப் பாடம் முதலில் எங்களுக்கு. பிறகுதான் உங்களுக்கு.

கிரிப்டோ வேறு, மோசடி வேறு

பிட்காயின் 2009ஆம் ஆண்டு ஜனவரியில் புழக்கத்துக்கு வந்த மின்னணு நாணயம். எந்த அரசும் வங்கியும் அதை வெளியிடவில்லை. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற கணக்கு உலகெங்கும் உள்ள கணினிகளில் ஒரே பேரேடாகப் பதிவாகிறது. இதைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கான நாணயங்கள் வந்துவிட்டன. விலை ஏறும், இறங்கும். யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இந்தியாவில் கிரிப்டோ சட்டப்பூர்வ பணம் அல்ல. 2022 ஏப்ரல் முதல் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத்தில் 1 சதவீதம் பிடித்தமும் உண்டு. 2023 மார்ச்சில் கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவை மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். "அரசே வரி வாங்குகிறது, அப்படியானால் இது பாதுகாப்பானதுதானே" என்று முகவர்கள் சொல்வார்கள். வரி வாங்குவது வேறு, பொறுப்பு ஏற்பது வேறு. உண்மையாகவே இயங்கிவந்த வஸீர்எக்ஸ் நிறுவனத்திலிருந்துகூட 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. வாடிக்கையாளர்களின் பணம் பல மாதங்கள் முடங்கிப்போனது.

உண்மையான சந்தையிலேயே இவ்வளவு ஆபத்து. நம் பகுதிக் குடும்பங்களைப் பிடிப்பதோ பெரும்பாலும் அந்தச் சந்தைகூட இல்லை. கிரிப்டோ என்ற பெயர் மட்டும்தான் இருக்கும், நாணயம் இருக்காது.

வலை விரிக்கும் இரண்டு வழிகள்

முதல் வழி, உறவு மூலம் வருவது. ஓர் ஓட்டலில் கூட்டம், ஒரு பெரிய திரை, கார் வாங்கியவர்களின் படம். பணம் போட்டால் தினமும் இவ்வளவு, ஆள் சேர்த்தால் கூடுதலாக இவ்வளவு. முதலில் சேர்ந்தவருக்குச் சில மாதம் பணம் சரியாக வரும். அவர் பொய் சொல்லவில்லை. "எனக்கு வந்ததே மச்சான்" என்று உண்மையைத்தான் சொல்வார். ஆனால் அவருக்கு வந்தது லாபம் அல்ல. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் போட்ட பணம்.

இரண்டாம் வழி, முன்பின் தெரியாதவர் மூலம் வருவது. தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம், அல்லது டெலிகிராமில் "பகுதிநேர வேலை". சில நாள் அன்பாகப் பேசுவார்கள். பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். குழுவில் நூறு பேர் இன்று இவ்வளவு லாபம் என்று படம் போடுவார்கள். அந்த நூறு பேரில் பெரும்பாலோர் அவர்களுடைய ஆட்களே. பிளே ஸ்டோரில் இல்லாத ஒரு செயலியை லிங்க் மூலம் இறக்கச் சொல்வார்கள். ஐயாயிரம் போட்டால் ஆறாயிரமாகத் திருப்பியும் கொடுப்பார்கள். அந்த ஆறாயிரம் தூண்டில் புழு. நம்பிக்கை வந்து லட்சக்கணக்கில் போட்ட பிறகு, திரையில் பணம் பெருகிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் "முதலில் 30 சதவீத வரி கட்டுங்கள்" என்பார்கள்.

இந்த ஓர் இடத்தை நன்றாக நினைவில் வையுங்கள். கிரிப்டோ லாபத்துக்கான வருமான வரியை நாம் வருமான வரித் துறைக்குத்தான் செலுத்துகிறோம். நம் பணத்தை விடுவிப்பதற்காக எந்தச் செயலிக்கும் முன்கூட்டியே வரி கட்ட வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் அது மோசடி. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

நடந்த வழக்குகள் சொல்லும் பாடம்

ஒன்காயின் என்ற நாணயம் 2014ஆம் ஆண்டு பல்கேரியாவிலிருந்து தொடங்கப்பட்டது. உலகெங்கும் சுமார் 400 கோடி டாலர் திரட்டியது. அதற்குப் பின்னால் உண்மையான பிளாக்செயினே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதைத் தொடங்கிய ருஜா இக்னட்டோவா 2017இல் தலைமறைவானார். 2022இல் அமெரிக்காவின் எஃப்பிஐ அவரை மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்தது. அவருடைய கூட்டாளி ஒருவருக்கு 2023 செப்டம்பரில் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நம் நாட்டில் கெயின்பிட்காயின் வழக்கு. 2015இல் தொடங்கியது. பிட்காயினாக முதலீடு செய்தால் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொன்னார்கள். தொடக்கத்தில் பிட்காயினாகவே கொடுத்தார்கள். புதிய ஆட்கள் குறைந்ததும், எம்கேப் என்ற தங்கள் சொந்த நாணயத்தைக் கொடுத்தார்கள். அதற்குச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. பல மாநிலங்களில் பதிவான வழக்குகளை 2023இல் உச்ச நீதிமன்றம் சிபிஐயிடம் ஒப்படைத்தது. "இனிமேல் எங்கள் காயினாகத் தருகிறோம்" என்ற சொல் எங்கே கேட்டாலும் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி. அங்குள்ள சைபர் கிரைம் காவல்துறை 2025இல் ஒரு கிரிப்டோ நிறுவன வழக்கில் சிலரைக் கைது செய்தது. 2022இல் கோயம்புத்தூரில் திரை நட்சத்திரங்களை அழைத்துத் தொடக்க விழா, பிறகு மாமல்லபுரத்தில் நட்சத்திர ஓட்டலில் விழா, பெருந்தொகை போட்டவர்களுக்குக் கார் பரிசு. புதுச்சேரியில் மட்டும் பத்துப் பேர் சுமார் 2.40 கோடி ரூபாயை இழந்ததாகப் புகார். விழாவுக்கு வந்த நட்சத்திரம் கூலிக்கு வந்தவர். நம் பணத்துக்கு ஜாமீன் நிற்க வந்தவரல்லர்.

கிரிப்டோ அல்லாத ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். பெங்களூருவின் ஐஎம்ஏ நிறுவனம் 2006இல் தொடங்கப்பட்டது. வட்டி இல்லை, ஹலாலான லாபப் பங்கு என்று சொல்லிப் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் பணத்தைத் திரட்டியது. 2019 ஜூன் மாதம் அதன் தலைவர் மன்சூர் கான் துபாய்க்குச் சென்றுவிட்டார். சிவாஜிநகர் அலுவலகத்தின் முன் மக்கள் திரண்டு அழுதார்கள். ஜூலையில் அவர் டெல்லியில் கைது செய்யப்பட்டார். விதவைகளும் ஓய்வு பெற்றவர்களும் ஹஜ்ஜுக்குச் சேர்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பணம் போடத் தூண்டியதாக ஒரு பள்ளிவாசல் இமாமும் கைது செய்யப்பட்டார். தாடியும் தொப்பியும் ஸலாமும் கணக்குப் புத்தகத்துக்கு ஈடாகா என்பதை அந்தச் சமூகம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"தினம் வெறும் 1 சதவீதம்" என்பார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு லட்சம் தினம் 1 சதவீதம் வீதம் கூட்டாக வளர்ந்தால் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 37 லட்சத்து 78 ஆயிரம் ஆகும். அப்படி ஒரு தொழில் உலகில் இருந்தால், அதை நடத்துபவர் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்து நம் நகைப் பணத்தைக் கேட்க மாட்டார்.

"ஆறு பேரைச் சேர்த்தால் போதும்" என்பார்கள். ஆறு பேர் ஆறாறு பேரைச் சேர்த்தால் 36. அடுத்து 216. அடுத்து 1,296. ஒன்பதாம் படியில் ஒரு கோடியைத் தாண்டும். பத்தாம் படியில் ஆறு கோடி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள் தொகையே ஏழு கோடியே இருபத்தொரு லட்சம்தான். கைக்குழந்தைகளையும் சேர்த்தாலும் பதினோராம் படிக்கு ஆள் இல்லை. ஆள் தீர்ந்த அன்று கடைசியாகச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஏமாந்தவர்கள். எந்தச் சங்கிலியிலும் மிகப் பெரிய கூட்டம் கடைசிப் படியில்தான் இருக்கும்.

ஹலால் என்ற சொல்லைப் பற்றி

கிரிப்டோ பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்காயினைக் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் அதை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் குழு 2020இல் பதிவு பெற்ற சந்தைகளில் வர்த்தகம் செய்வதற்கு நிபந்தனைகளுடன் இடம் தந்தது. அந்த விவாதம் ஆலிம்களுக்குரியது.

ஆனால் இந்தத் திட்டங்களைப் பற்றி விவாதமே இல்லை. முளாரபாவில் ஒருவர் பணம் போடுவார், ஒருவர் உழைப்பார், லாபத்தைப் பங்கிடுவார்கள், நஷ்டம் வந்தால் ஏற்பது பணம் போட்டவர். நஷ்டமே வராது, மாதம் இவ்வளவு உறுதி என்று சொன்ன அந்த நொடியே அது முளாரபா அல்ல. அது வட்டி, அல்லது ஏமாற்று. பிறர் பொருளை அநியாயமாக உண்பதைக் குர்ஆன் தடுக்கிறது (4:29). ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது (49:6). கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே நீளமானது. வாட்ஸ்அப் குரல் பதிவை நம்பிப் பணம் அனுப்புகிற நாம் இதை நிறுத்தி யோசிக்க வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி நமக்குத் தெரியும். வீராணம் பாசனத்தில் நெல் விளைவிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பி வருகிறது. நம் நெல்லுக்குள் கருவியை விட்டுப் பார்க்கும்போது நாம் கோபித்துக்கொள்வதில்லை. நம் பணத்தைக் கேட்பவரிடம் கேள்வி கேட்டால் மட்டும் அவர் ஏன் கோபித்துக்கொள்கிறார்?

ஏமாந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியவை

1. முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது நாடு முழுவதற்குமான இணையவழி நிதி மோசடி உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வங்கியில் நிறுத்திவைக்க முடியும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் மிக முக்கியம். கிரிப்டோவாக மாறி வெளிநாட்டு வாலட்டுக்குப் போய்விட்டால் பிடிப்பது மிகக் கடினம். ஆனாலும் நாளாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

2. உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். நேரில் போனால் எழுத்தில் கொடுத்து, முத்திரையுடன் நகல் வாங்குங்கள்.

3. எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடுபவர்கள் பலர். அதுதான் சாட்சி. உரையாடல், அழைத்த எண்கள், செயலியின் லிங்க், பணம் அனுப்பிய ரசீது, யுடிஆர் எண், வாலட் முகவரி எல்லாவற்றையும் படமெடுத்துத் தேதி வரிசையில் வையுங்கள்.

4. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகாரைப் பதிவு செய்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலூரில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

5. பலர் ஒரே நிறுவனத்தில் பணம் போட்டு ஏமாந்திருந்தால், அது பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும் வழக்காகலாம். தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997இலும், அனுமதியற்ற வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இலும் வந்தவை. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, நீதிமன்றம் வழியாகப் பணம் போட்டவர்களுக்குப் பங்கிட இவற்றில் வழி இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தவர் பெயர்தான் பட்டியலில் வரும்.

6. வங்கியில் நிறுத்திவைக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

7. வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள், பணம் அந்த நாட்டு வங்கியிலிருந்து போயிருந்தால் அந்த வங்கிக்கும் அந்த நாட்டுக் காவல்துறைக்கும் முதலில் தெரிவிக்க வேண்டும். இந்தியக் கணக்கிலிருந்து போயிருந்தால் ஊரில் உள்ள குடும்பத்தார் 1930ஐ உடனே அழைக்கலாம்.

8. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கொடுங்கள்" என்று அடுத்து ஓர் அழைப்பு வரும். ஏமாந்தவர்களின் எண்கள் விற்கப்படுகின்றன. அது இரண்டாவது வலை.

பிள்ளைகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் "உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று கேட்கிறார்கள். ஏமாந்தவர்களின் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். கடைசியில் காவல்துறை தேடி வருவது கணக்குக்காரர் வீட்டுக்கு. கணக்கை வாடகைக்கு விடுவது குற்றத்துக்குத் துணை போவது.

இரண்டாவது, கணினி வேலை என்று தாய்லாந்து வழியாக அழைத்துச் செல்வது. மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் அடைத்துவைக்கப்பட்டு, இதே கிரிப்டோ மோசடிகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட இந்திய இளைஞர்கள் பலர். 2022இல் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு யாரும் அனுப்பினால் போக வேண்டாம்.

ஜமாஅத்தாக நாம் செய்ய வேண்டியது

ஏமாந்தவரைப் பார்த்து "பேராசை" என்று சொல்வது எளிது. ஆனால் மகள் நிக்காஹுக்கு நாள் நெருங்கும் ஒரு தாயின் கவலைக்குப் பேராசை என்று பெயர் வைக்க முடியாது. ஏளனத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்பவர்களால் மோசடிக்காரருக்குத்தான் லாபம். அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இழப்பைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது வந்தால், அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

ஜகாத் பெறத் தகுதியானவர்களில் கடனாளிகளையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது (9:60). அடைக்க வழியில்லாத கடனில் மூழ்கியவர் யார் என்பதை ஆலிம்களிடம் கேட்டு, இவர்களையும் அந்தப் பட்டியலில் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவர்கள், கஷ்டப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்லும் வசனத்தை (2:280) நினைவில் கொள்ள வேண்டும்.

ஆள் சேர்த்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் ஏமாந்திருக்கலாம். ஆனால் கமிஷனாக வாங்கிய பணம் உங்களுக்குக் கீழே சேர்ந்தவர் போட்ட முதல். அதைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவேறாது. சட்டமும் சும்மா விடுவதில்லை. தவறான தகவல் தந்து அனுமதியற்ற வைப்புத் திட்டத்தில் சேரத் தூண்டுவதற்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. தாமாக முன்வந்து தெரிந்ததையெல்லாம் காவல்துறையிடம் சொல்பவர், தம் உறவினருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

நம் அறக்கட்டளையின் பங்குக்கு, கூடத்தை இனி எந்த முதலீட்டுக் கூட்டத்துக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். புகார் எழுதவும், ஆவணங்களை வரிசைப்படுத்தவும், கடலூர் வரை உடன் வரவும் ஆட்களை ஏற்பாடு செய்திருக்கிறோம். லால்பேட்டை, கொள்ளுமேடு, ஆயங்குடி உட்படச் சுற்றுப்புற ஜமாஅத்துகளும் இதைச் செய்தால் நன்மை பெருகும்.

குடும்பமாக அமர்ந்து பேச

இன்று இஷாவுக்குப் பின் வீட்டில் இந்த ஐந்து கேள்விகளைப் பேசுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அத்தாவையும் வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

- நம் வீட்டில் யாராவது, யாருக்கும் சொல்லாமல், இப்படி எதிலாவது பணம் போட்டிருக்கிறோமா? சொன்னால் திட்ட மாட்டோம் என்று முதலில் வாக்குக் கொடுங்கள்.
- பணம் கேட்பவர் என்ன தொழில் செய்கிறார்? லாபம் எங்கிருந்து வருகிறது? ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?
- நஷ்டம் வந்தால் யார் ஏற்பது? அதை எழுதித் தருவாரா?
- ஆள் சேர்த்தால் பணம் என்றால், அந்தப் பணம் யாருடையது?
- பெரிய தொகை போடும் முன் குடும்பத்தில் இருவராவது சம்மதிக்க வேண்டும், மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்வோமா?

நம்மிடம் வந்த அந்தச் சகோதரி, அன்று அலுவலகத்திலிருந்தே கணவரை அழைத்தார். நாங்கள் வெளியே நின்றோம். வெகு நேரம் கழித்து வந்து, "பணம் போகட்டும், நீ நன்றாக இரு என்று சொன்னார்" என்றார். மறுவாரம் அவரும் தங்கை கணவரும் சேர்ந்தே கடலூருக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். பணம் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அதே செயலியில் பணம் போடவிருந்த இரண்டு குடும்பங்கள், அந்தப் புகாரைக் கேள்விப்பட்டு நிறுத்திக்கொண்டன.

ஹலாலான சம்பாத்தியத்தையும், அதைக் காக்கும் நிதானத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.